நாலு டிகிரியில் ஒரு மேடு

அத்தியாயம் ஏழு

“ரிக், பேய்க்கு விசா வேணுமா?”

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றுமே இல்லை. கேட்கிற நேரமா இது?

“நம்ம பெல்ஜியத்துப் பேய்க்குத் தேவையில்ல மேடம். மழையில நனைஞ்சுக்கிட்டு வீட்டுலயே கிடக்கும். ஏன் கேக்கறீங்க?”

“இந்தப் பேய் பிரான்ஸுல கிளம்பி ஜெர்மனி, ஸ்வீடன், இத்தாலின்னு ஜாலியா சுத்தியிருக்கு. செக் எல்லையில மட்டும் இறங்கிடுச்சு. ஏன்னு யோசிக்கறேன்.”

ஒடிலியா மேடம் மடியில் ஐந்து வரைபடங்களை விரித்து வைத்திருந்தார். அறுபது வயது. இருபது வருடம் விமானக் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்களைப் பிடித்தவர், இப்போது ப்ரஸ்ஸல்ஸில் இரண்டு அறை ஆபீஸ் போட்டுச் சொந்தமாகப் பிடிக்கிறார். நான் அவருக்கு வண்டி ஓட்டுவேன், தட்டச்சு அடிப்பேன், யாரும் கேட்காதபோது அபிப்பிராயம் சொல்வேன்.

வழக்கு இதுதான். ஐரோப்பாவில் ஆளாளுக்கு ஒரு காற்றுச் சுரங்கம் வைத்திருக்கிறார்கள். வீடே உள்ளே போகிற அளவு பெரிய இரும்புக் குழாய். அதில் புயல் வேகத்தில் காற்றை ஓடவிட்டு, நடுவில் ஒரு குட்டி விமானத்தை நிறுத்தி, காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பார்கள். நேற்று வரை எங்கள் குழாய்தான் உசத்தி என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள், இனிமேல் கூட்டாக வேலை செய்வோம் என்று முடிவு செய்தார்கள். கூட்டு சேர்வதற்கு முன்னால் ஒரு பரீட்சை. கை நீளத்தில் எஃகு விமானம் ஒன்று செய்து, நீலப் பெட்டியில் வைத்து, ஐந்து நாட்டுக்கும் வரிசையாக அனுப்பினார்கள். எல்லா இடத்திலும் ஒரே எண் வந்தால் ஒருவரை ஒருவர் நம்பலாம்.

நாலு இடத்தில் ஒரே எண் வந்தது. அந்த நாலிலும் ஒரே வினோதம். விமானத்தின் மூக்கை நாலு டிகிரி தூக்கி நிறுத்தும்போது மட்டும் காற்றின் தள்ளல் திடீரென்று ஏறி, அடுத்த அளவிலேயே இறங்கிவிடுகிறது. வழவழவென்று போகிற கோட்டில் நடுவே ஒரு மேடு. ஐந்தாவதாக அளந்த செக் நாட்டுச் சுரங்கத்தில் மட்டும் அந்த மேடு இல்லை.

“பழைய ஓட்டை மெஷின், அதான்” என்று பரீட்சை நடத்திய கமிட்டி சிரித்தது. இன்று மாலை ஐந்து மணிக்கு ப்ரஸ்ஸல்ஸில் ஓட்டெடுப்பு. கூட்டணியில் சேர்க்காவிட்டால் அந்தச் சுரங்கத்தை அரசாங்கம் இழுத்து மூடிவிடும். நாற்பத்தோரு பேர் வீட்டுக்குப் போவார்கள்.

அதன் தலைமைப் பொறியாளர் ரதானா பிராகிலிருந்து பதினாறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். கோட்டைக் கூடக் கழற்றவில்லை. “எனக்குச் சிபாரிசு வேண்டாம். நான் அளந்தது சரியா தப்பான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. தப்புன்னா நானே மூடிட்டுப் போறேன்” என்றாள்.

ஒடிலியா மேடம் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “பெட்டி மூடியில ஏதாவது ஒட்டியிருந்ததா?”

இருந்தது. முதலில் அளந்த பிரெஞ்சுக்காரர்களின் அளவுத் தாள். எந்தப் பட்டறையிலும் மாடலை அனுப்பும்போது அதன் கடைசித் தாளை மூடியில் ஒட்டித்தான் அனுப்புவார்களாம். பரீட்சை ரகசியம் என்று எல்லா உறைக்கும் அரக்கு முத்திரை வைத்த கமிட்டி, பெட்டி மூடியை மறந்துவிட்டது.

“அப்போ நீங்களும் அதைப் பாத்தீங்க.”

“பாத்தேன். அதுக்காக? என் தராசு என்ன சொன்னதோ அதைத்தானே எழுதணும்?” என்றாள் ரதானா.

அவள் போனதும் மேடம் சொன்னார். “நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னா எனக்குச் சந்தேகம் வந்துடும் ரிக். அதுல மூணு பேர் எட்டிப் பாத்திருப்பாங்க.”

நேற்று இத்தாலிக்காரர் போனில் அழாத குறையாக ஒத்துக்கொண்டார். “எங்களுக்கும் வழவழன்னுதான் வந்தது மேடம். பிரெஞ்சுக்காரங்க பெரியவங்க, அவங்களுக்கே மேடு வந்திருக்குன்னா நம்ம மெஷின்லதான் கோளாறுன்னு நினைச்சுத் திருத்திட்டோம். ஆனா இதை நான் எழுதித் தர மாட்டேன்.” ஜெர்மானியர் போனை வைத்துவிட்டார். ஸ்வீடன்காரர் எடுக்கவே இல்லை.

ஆக மூன்று மேடுகள் காப்பி. மிச்சம் ஒன்று. முதல் மேடு எங்கிருந்து வந்தது?

“விமானத்துல கோளாறுன்னா ரதானாவுக்கும் வந்திருக்கணும்” என்றார் மேடம், வண்டியில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. “குழாய்ல கோளாறுன்னா பிரெஞ்சுக்காரங்க அளக்கற எல்லா விமானத்துக்கும் வரணும். வரல. அப்போ அன்னிக்கு, அந்த நிமிஷம், உள்ள என்னவோ நடந்திருக்கு.”

ஹீட்டரை ஒரு படி ஏற்றினேன்.

பிரெஞ்சுச் சுரங்கம் இருக்கிற வால்க்ளோஸ் பள்ளத்தாக்கில் நவம்பர் பிறந்தால் பிப்ரவரி வரைக்கும் வெயில் இறங்காது. பத்தேகாலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலை உச்சி மட்டும் மஞ்சளாக இருந்தது, கீழே எல்லாம் நீலம். சுரங்கத்துக்குள் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சத்தம் என்று சொல்ல மாட்டேன். யாரோ மூடிய வாயோடு முனகுகிற மாதிரி இருந்தது, நின்ற பிறகும் காதுக்குள் மிச்சம் இருந்தது.

தலைவர் ஒக்தாவ் வாசலுக்கே வந்தார். நரைத்த மீசை, நீல வேலைக் கோட்டு, தூக்கம் இல்லாத கண்கள். “மேட்டைப் பாக்க வந்திருக்கீங்க” என்றார். வாங்க என்று கூடச் சொல்லவில்லை.

“மேட்டைப் பெத்தவங்களைப் பாக்க வந்திருக்கோம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஊரே சிரித்து ரொம்ப நாள் ஆனது போலத்தான் இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் அடுத்த ஓட்டத்துக்குத் தயாரானார்கள். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒக்தாவ் எழுந்துபோய்க் குழாயின் இரும்புச் சுவரில் மூன்று தடவை தட்டினார். பிறகு காதை வைத்துக் கேட்டார். அறையில் இருந்த ஆறு பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். அரை நிமிடம் கழித்துத்தான் சாவி திரும்பியது.

“யார் பதில் சொல்லுவாங்கன்னு காத்திருக்கீங்க?” என்று மேடம் கேட்டார்.

“பழக்கம்.”

“எப்போலேருந்து?”

“போன வருஷத்துலேருந்து” என்றார் ஒக்தாவ், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மேடம் மூடியில் ஒட்டியிருந்த அந்தப் பழைய தாளைப் பையிலிருந்து எடுத்தார். “பூஜ்யம், ரெண்டு, நாலு டிகிரி எல்லாம் போன வருஷம் அக்டோபர் பதினாலாம் தேதி. நாலு டிகிரி அளந்தது பதினொண்ணு ஐம்பத்தெட்டு. ஆறு டிகிரி மட்டும் பதினெட்டாம் தேதி காலையில. நடுவுல நாலு நாள் என்ன ஆச்சு?”

“மோட்டார் ரிப்பேர்.”

“நாலு டிகிரியைத் திரும்ப அளக்கலையா?”

“நேரம் இல்ல.”

நாலு நாள் சும்மா இருந்தவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் என் காலை மிதித்தார்.

குழாய்க்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் அவர். காற்றை நிறுத்தினார்கள். உள்ளே போகும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, அதில் முப்பது கொக்கிகள், ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. உள்ளே போகிறவன் தன் தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் காற்றாடிக்கு மின்சாரம் வராது; லீவில் இருப்பவனின் கொக்கியில் மட்டும் பெயர் இல்லாத தகடு தொங்கும். எங்களுக்கு விருந்தாளித் தகடு இரண்டு கொடுத்தார்கள். நான் என்னுடையதை மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பலகைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு அறிவிப்பு. மேடம் அதை நின்று படித்தார், பிறகு மறுபடியும் படித்தார். “ரிக், உரக்கப் படி.”

“ஒருவருக்கு ஒரு தகடு மட்டுமே. மதிய உணவுக்கு ஆள் எண்ண இந்தப் பலகையைப் பயன்படுத்தக் கூடாது. அக்டோபர் 17, 1993.” படித்துவிட்டு, “சாப்பாட்டுக்குக் கூட இங்க சட்டமா? பிரெஞ்சுக்காரங்க பிரெஞ்சுக்காரங்கதான்” என்றேன்.

மேடம் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் திட்டினால் பயம் இல்லை, குறித்துக்கொண்டால்தான் பயம்.

குழாய்க்குள் எங்கள் காலடிச் சத்தம் முன்னால் போய், வளைவில் முட்டி, பின்னாலிருந்து திரும்பி வந்தது. நாலாவது ஆள் யாரோ கூட நடக்கிற மாதிரியே இருந்தது. எஃகு விமானம் நடுவில் கம்பத்தின்மேல் தனியாக நின்றது. ஐந்து நாடும் சுற்றிவிட்டுக் கடைசிச் சரிபார்ப்புக்காகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து இரண்டு வாரம் ஆகிறது. பொருத்திவிட்டார்கள், ஆனால் இன்னும் ஓட்டவில்லை.

விமானத்தைத் தாண்டி ஐம்பது அடியில் குழாய் திரும்புகிறது. அங்கே காற்றைத் திருப்பிவிட ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்புத் தகடுகள் வரிசையாக நின்றன. அதற்குச் சற்று முன்னால் சுவரில் ஒரு மாடம், ஒருவர் ஒடுங்கி நிற்கிற அளவு. பராமரிப்புச் சாமான் வைக்கிற இடமாம். அதற்குள் பளிச்சென்று, புத்தம் புதிதாக ஒரு சிவப்புப் பொத்தான்.

“அவசரத்துக்கு நிறுத்தற பொத்தான்” என்றார் மேடம். “காத்து ஓடும்போது இங்க யாராவது இருப்பாங்களா ஒக்தாவ்?”

“இருக்க மாட்டாங்க.”

“அப்போ இது யாருக்கு?”

ஒக்தாவ் வெளிச்சத்தை நோக்கி நடந்தார். தலையைக் குனிந்துகொண்டே போனார். வயதான ஆள், பாவமாக இருந்தது எனக்கு, ஏன் என்று தெரியாமலே.

வெளியே வந்து தகட்டை மாட்டியபோது மணி பதினொன்று. கேன்டீன் அம்மாள் ஒரு காகிதத்தோடு வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளை ஏப்ரன், பருத்த கைகள். ஒவ்வொருவராகப் போய், பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்துக் கோடு போட்டாள்.

“தம்பி, நீ சாப்பிடுவியா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? ரெண்டு கோடாப் போடுங்க.”

“பொலென்டா, சோளக் களி, கூடவே தொத்திறைச்சி. ஒரு கோடு போதும், தட்டு பெருசு” என்றாள். கேன்டீன் சுவரில் ஒரு போட்டோ தொங்கியது, கதவு வழியாகவே தெரிந்தது. தொப்பி போட்ட ஒரு மனிதர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். மூலையில் கறுப்பு ரிப்பன். ஃபிர்மேன் ரொஸ்ஸாஸ், 1938 முதல் 14 அக்டோபர் 1993 வரை.

மேடம் அந்தப் போட்டோவைப் பார்த்தார். பிறகு காகிதத்தோடு போகிற அந்த அம்மாளைப் பார்த்தார். “யார் அது?” என்று ஒக்தாவிடம் கேட்டார்.

“எங்க மெக்கானிக். என்னோட பள்ளிக்கூடத்துலேருந்து ஒண்ணாப் படிச்சவன். ஹார்ட் அட்டாக். சாயங்காலம், துணி மாத்தற அறையில.”

“அந்த அம்மா?”

“லியோனி. அவன் பொண்டாட்டி.”

ஒடிலியா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் வெளுத்துப் போனதை எட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். “தனியாப் பேசணும் ஒக்தாவ்” என்றார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“ஒரு தடை எழுதி மாட்டியிருந்தா, அதை யாரோ அதுக்கு முன்னாடி செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்” என்று மேடம் மெதுவாக ஆரம்பித்தார். “உங்க அறிவிப்புல ரெண்டு தடை. சாப்பாட்டுக்கு அந்தப் பலகையைப் பாத்துத்தான் தட்டு எண்ணியிருக்காங்க. பேர்த் தகடு இல்லேன்னா அந்த ஆள் வரல, தட்டு வேண்டாம். இன்னொரு தடை, ஒருத்தருக்கு ஒரு தகடுதான்னு. அப்போ யாரோ ஒருத்தருக்கு ரெண்டு தகடு இருந்திருக்கு.”

ஒக்தாவ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஃபிர்மேன் அன்னிக்கு ஏதோ வேலையா உள்ள போயிருந்தார். தகடு அவர் பையில. கொக்கி காலி. பதினோரு மணிக்கு லியோனி எண்ண வந்தாங்க. புருஷன் காலையில கூடத்தான் வந்தார், எங்கயும் போகல, தகட்டை மறதியாப் பையிலயே வெச்சிருப்பார்னு நினைச்சாங்க. அவங்ககிட்ட இன்னொரு தகடு இருந்தது.”

“ஒரு தடவை தொலைச்சான்” என்றார் ஒக்தாவ். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. “புதுசு செஞ்சு கொடுத்தோம். அப்புறம் பழசு வீட்டுல கிடைச்சுது. அவ ஏப்ரன் பையிலயே போட்டு வெச்சிருந்தா, திருப்பிக் கொடுக்க. அன்னிக்கு அவனுக்குப் பிடிச்ச சமையல். தட்டு குறையக் கூடாதுன்னு மாட்டிட்டா.”

“பலகை நிறைஞ்சுது. விளக்கு பச்சை. நீங்க சாவியைத் திருப்பினீங்க.”

“உள்ள எட்டிப் பாத்தேன் மேடம். விமானம் வரைக்கும் பாத்தேன். வளைவு வரைக்கும் போகல. பசி நேரம்.” அவர் உட்கார்ந்துவிட்டார். “காத்து ஏறினதும் அவன் அந்த மாடத்துல ஒடுங்கியிருக்கான். நாலு டிகிரிக்கு வந்தப்போ பொறுக்க முடியாம வெளிய வந்து கை காட்டியிருக்கணும். காத்து தூக்கி வளைவுல இருக்கற இரும்புத் தகடுகள் மேல அறைஞ்சிடுச்சு. நாங்க பன்னெண்டுக்கு நிறுத்திட்டு சாப்பிடப் போனோம். அவன் தட்டு மட்டும் அப்படியே இருந்தது.”

எனக்கு அந்த வரைபடம் ஞாபகம் வந்தது. மூன்று நாடுகள் பத்திரமாகப் பிரதி எடுத்து, ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பிய அந்த மேடு. அது ஒரு மனுஷன். காற்றை மறித்து, அதன் ஓட்டத்தையே மாற்றி, நடுவில் நின்று கையை ஆட்டிய ஒரு மனுஷன். பேய்க்கு விசா என்று சிரித்துக்கொண்டே மலை ஏறி வந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

“அவன் செத்த நேரத்தையும் இடத்தையும் மாத்திச் சொன்னோம். என்னைக் காப்பாத்திக்க இல்ல. என்னை ஜெயில்ல போட்டா நிம்மதியாத் தூங்குவேன்.” ஒக்தாவ் நிமிர்ந்து பார்த்தார். “நாப்பத்தோரு பேர் வேலை போகும்னு தெரியும் மேடம். தினம் நினைக்கறேன். ஆனா அவகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது, நீ மாட்டின தகடுதான்னு? நீங்க சொல்லுவீங்களா?”

மணி பதினொன்று நாற்பது. ஒடிலியா மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வாதாடாமல், வேகமாகத் தீர்ப்புச் சொல்லாமல் அவர் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் என்னிடம் கேட்டார். “நீ என்னடா சொல்ற?”

“தெரியல மேடம்” என்றேன். எட்டு வருடத்தில் எனக்கு ஜோக் வராத முதல் நாள் அது.

மேடம் அந்தப் பழைய தாளை மேஜையில் விரித்துத் திரும்பத் திரும்பப் படித்தார். எவ்வளவு நேரமோ. கதவு திறந்தது.

“பன்னெண்டு பத்து ஆச்சு. பொலென்டா ஆறிப்போகுது” என்றாள் லியோனி. எங்கள் முகங்களைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த பழைய தாளைப் பார்த்தாள். உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள். “கடைசியில யாரோ கேக்க வந்துட்டாங்களா?”

ஒக்தாவ் எழுந்தார். “லியோனி, நீ போ. இது வேற விஷயம்.”

“உக்காரு ஒக்தாவ். ஆஸ்பத்திரியில அவரோட துணியை மூட்டையாக் கட்டிக் கொடுத்தாங்க. கோட்டுப் பையில அவர் தகடு இருந்தது. அப்போ பலகையில தொங்கினது எது? நான் மாட்டினது. சாயங்காலம் வந்து பாத்தேன், அதுக்குள்ள நீ அதை எடுத்து ஒளிச்சுட்டே. தினம் முப்பது தட்டு எண்ணறவ நான். எனக்கு எண்ணத் தெரியாதா?”

ஒக்தாவ் உட்கார்ந்தார்.

“தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?” என்று மேடம் கேட்டார்.

“இவன் எனக்காக எவ்வளவு பாடுபட்டு மறைச்சான். டாக்டர், பாதிரியார், முப்பது ஆளுங்க. என் முன்னாடி ஒருத்தனும் வாயைத் திறக்கல. எனக்குத் தெரியும்னு நான் சொல்லிட்டா அத்தனை பேர் மனசும் ஒடிஞ்சுடும். அதான், நானும் தெரியாத மாதிரியே பரிமாறிக்கிட்டு இருந்தேன். பதிமூணு மாசம்.”

ஒக்தாவ் அழ ஆரம்பித்தார். சத்தமாக அழுதார். அவள் அவர் தலையில் கையை வைத்தாள்.

“உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு லியோனி” என்றார் அவர், கையை விலக்கி. “அவன் தட்டினான். பதினொண்ணு ஐம்பதுக்கு. மூணு தடவை. எனக்குக் கேட்டுது. வளைவுல ஏதோ இரும்புத் தகடு கழண்டிருக்கு, சாப்பிட்டுட்டு பாத்துக்கலாம்னு சொன்னேன்.”

அவள் கை அந்தரத்திலேயே நின்றது. எங்கோ கேன்டீனில் கரண்டிச் சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவரை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

“அதனாலதான் தினமும் தட்டறியா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“சரி.” ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தாள். மேடத்திடம் திரும்பினாள். “இந்தத் தாளால யாருக்கோ கஷ்டம்னு கேன்டீன்ல ஆளுங்க பேசிக்கிட்டாங்க. யாருக்கு?”

மேடம் சொன்னார். நாற்பத்தோரு பேர், மாலை ஐந்து மணி, ரதானா. கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

“அந்தப் பொண்ணு சரியா அளந்ததைத் தப்புன்னு சொல்லி மூடப் போறாங்க. என்னைக் காப்பாத்த.” லியோனி ஒக்தாவைப் பார்த்தாள். “எனக்கு இது வேண்டாம். ஓட்டு. நாலு டிகிரியை இப்பவே ஓட்டு.”

ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஓட்டுவதற்கு முன்னால் உள்ளே நான்தான் பார்ப்பேன் என்றாள் அவள். விருந்தாளித் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். விமானத்தைத் தாண்டி, வளைவு வரைக்கும் போனாள். அவள் காலடிச் சத்தம் நின்றது. நாங்கள் கதவருகே காத்திருந்தோம், ஒருவரும் வா என்று கூப்பிடவில்லை. பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து தகட்டைக் கொக்கியில் மாட்டினாள்.

“யாரும் இல்ல. போடு” என்றாள்.

அன்றைக்கு ஒக்தாவ் சுவரில் தட்டவில்லை. சாவி திரும்பியது. முனகல் எழுந்தது, ஏறியது, ஒரே சுருதியில் நின்றது. விமானத்தின் மூக்கு மெல்ல மேலே வந்தது. ஒரு டிகிரி, இரண்டு, மூன்று. நாலில் நிறுத்தினார்கள். காகிதத்தில் எண் அடித்து வெளியே வந்தது.

0.0271.

பழைய தாளில் இருந்தது 0.0298. மேடம் பையிலிருந்து ரதானாவின் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு தடவை பார்த்தேன். 0.0271.

“அந்தப் பொண்ணோட எண்ணா?” என்றாள் லியோனி.

“அவளோட எண்தான்மா.”

ஒக்தாவ் திருத்தத் தாளை எடுத்தார். பழைய எண்ணை அடித்தார், புதியதை எழுதினார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அதன்மேல் நின்றுவிட்டது. “கருவிக் கோளாறுன்னு போட்டா போதும் மேடம். கமிட்டிக்கு அதுவே போதும். நான் போலீஸுக்குத் தனியாச் சொல்லிக்கறேன்.”

மேடம் லியோனியைத்தான் பார்த்தார்.

“கருவி என்ன கோளாறு பண்ணிச்சு? அது இருந்ததைத்தானே சொல்லிச்சு” என்றாள் அவள். “உள்ள ஆள் இருந்தார்னு எழுது. பேரையும் எழுது. எப்படிப் பச்சை விளக்கு வந்ததுன்னும் எழுது, என் பேர் போட்டு.”

எழுதினார். ஒக்தாவ் கையெழுத்துக்குக் கீழே அவளும் போட்டாள். இரண்டரை மணிக்கு அந்தத் தாளை ஃபேக்ஸில் மற்ற நாலு நாட்டுக்கும், ப்ரஸ்ஸல்ஸ் கமிட்டிக்கும் அனுப்பினேன், ஆறாவதாக ஊர்ப் போலீஸுக்கும். அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம். பொலென்டா கல்லாகியிருந்தது, ஒருவர் கூடக் குறை சொல்லவில்லை.

மூன்றேகாலுக்குக் கேன்டீன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ரதானா.

“ஃபேக்ஸ் வந்துது” என்றாள். குரல் கரகரத்தது.

“ஜெயிச்சுட்டீங்க. இத்தாலிக்காரர் கூட இப்போ எழுதித் தரேன்னு சொல்லியிருக்கார்” என்றேன். “நாப்பத்தோரு பேருக்கும் சொல்லிடுங்க.”

“சொல்றேன். அதுக்கு இல்ல போன் பண்ணினது.” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “அஞ்சு மணிக்கு இந்தத் தாளை எல்லார் முன்னாடியும் நான்தான் படிக்கணுமாம். அவர் பேரை எப்படிச் சொல்லணும்? எங்க ஊர்ல இந்தப் பேர் கிடையாது. தப்பாச் சொல்லிடக் கூடாது.”

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் கையிலிருந்து போனை வாங்கி லியோனியிடம் கொடுத்தார்.

அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஃபிர்மேன்” என்றாள். பிறகு அந்தப் பக்கம் எழுதிக்கொள்ள வசதியாக, மெதுவாக, இன்னொரு தடவை சொன்னாள்.